கெட்ட குறிகள் எங்கே போயின? குழந்தை லுகேமியாவில் செல் அடையாளமும் நோய்க்கணிப்பும்

குழந்தைக்கு லுகேமியா என்று உறுதியான சில நாட்களில் பெற்றோர் கைக்கு ஓர் அறிக்கை வரும். ‘சிடி19 பாசிட்டிவ், சிடி10 பாசிட்டிவ், சிடி34 பாசிட்டிவ், டிடிடி பாசிட்டிவ், சிடி3 நெகட்டிவ், எம்பிஓ நெகட்டிவ்’ என்று பக்கம் முழுக்க எழுத்தும் எண்ணுமாக இருக்கும். இதில் எது நல்லது, எது கெட்டது என்று கேட்காத தாய் தகப்பன் கிடையாது. மருத்துவ ஆய்விதழ்களும் ஐம்பது ஆண்டுகளாக இதே கேள்வியைத்தான் கேட்டு வருகின்றன. கேள்வி மாறவில்லை, பதில் பத்தாண்டுக்கு ஒரு தடவை மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 1975-இல் மருத்துவர்களைக் கலங்க வைத்த சில குறிகளை இன்றைய மருத்துவர் கண்டால் சிகிச்சைத் திட்டத்தின் வேறொரு பக்கத்தைப் புரட்டுவார், அவ்வளவுதான்.

இந்த மாற்றத்துக்கு ஆய்வுக்கூடக் கருவிகள் கூர்மையானதைக் காரணமாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி சிகிச்சையில் இருக்கிறது. ஒரு செல் குறி குழந்தையின் பிழைப்பைப் பற்றி என்ன சொல்கிறது என்பது, எந்த மருந்துகளை, எந்த அளவில், எந்த ஊரில் கொடுக்கிறோம் என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் பொருள்படும். இதுவரை வந்த ஆய்வுகளை வரிசையாகப் படித்தால் இந்த முடிவிலிருந்து தப்பிப்பது கடினம்.

குழந்தைகளுக்கு வரும் லுகேமியாவில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் ஏ.எல்.எல். எனப்படும் தீவிர லிம்ஃபோபிளாஸ்டிக் வகை. இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் அதிகம் வரும். கட்டுரை பெரும்பாலும் இதைப் பற்றியதே. மற்றொரு வகையான மைலாய்டு லுகேமியா பற்றி ஓரிடத்தில் மட்டும் சொல்கிறேன்.

நுண்ணோக்கி மட்டும் இருந்த காலம்

1948-இல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் கொடுத்தார். பத்துப் பேருக்கு நோய் சில காலம் அடங்கியது. அந்த மருந்து வந்த இடம் லெடர்லி ஆய்வுக்கூடம். அங்கே ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்ரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோற்றம் காட்டி, செல்லை ஏமாற்றிப் பட்டினி போடும் மருந்துகள் அவருடைய குழுவின் கைவண்ணம். அமினோப்டெரினின் தம்பியான மெத்தோட்ரெக்சேட் இன்றும் ஏ.எல்.எல். சிகிச்சையின் முதுகெலும்பு. ஃபார்பரின் கட்டுரை வெளிவந்த அதே ஆண்டில் சுப்பாராவ் இறந்துவிட்டார்.

அந்நாளில் எல்லா ஏ.எல்.எல். நோயும் ஒன்றுதான். நுண்ணோக்கியில் பார்த்தால் உருண்டையான, உட்கரு நிறைந்த, முதிராத செல்கள். அவற்றுக்குள் பேதம் தெரியாது. 1967-68 வாக்கில் மெம்ஃபிஸ் நகரின் செயின்ட் ஜூட் மருத்துவமனையில் டொனால்ட் பிங்கல் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து, மூளையைச் சுற்றிய பகுதிக்கும் கதிர்வீச்சுக் கொடுத்தபோது, ஏறத்தாழ பாதிக் குழந்தைகள் பிழைத்தார்கள். அப்போதுதான் ஒரு புதுக் கேள்வி பிறந்தது. பார்வைக்கு ஒன்றாக இருக்கும் நோயில் ஒரு பாதி பிழைக்கிறது, மறுபாதி ஏன் பிழைக்கவில்லை? எல்லாரும் இறந்துகொண்டிருந்த வரை நோய்க்கணிப்பு என்ற துறைக்கே வேலை இருந்ததில்லை.

முதலில் கிடைத்த பதில்கள் எளியவை: வயது, வெள்ளணு எண்ணிக்கை. ஒன்று முதல் பத்து வயதுக்குள், வெள்ளணு மைக்ரோலிட்டருக்கு 50,000-க்குக் கீழ் என்றால் சாதாரண ஆபத்து. மற்றவை கூடுதல் ஆபத்து. 1993-இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் கூட்டிய கூட்டத்தில் ஒப்புக்கொள்ளப்பட்ட இந்தக் கோடு இன்றும் பயன்படுகிறது. ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனையும் பிறந்த தேதியும் போதும். இவ்வளவு மலிவான கணிப்புக் கருவி மருத்துவத்தில் அபூர்வம்.

ஆட்டு இரத்தமும் முயலின் சீரமும்

செல்களுக்குள் சாதி பிரித்தது ஆட்டின் இரத்தம். செம்மறியாட்டின் சிவப்பணுக்களை மனித லிம்ஃபோசைட்டுகளோடு (முக்கியமாக டி, பி எனும் இரு வகை வெள்ளணுக்கள்) கலந்து, மெல்லச் சுழற்றி, குளிரில் வைத்தால், டி வகை லிம்ஃபோசைட்டுகள் மட்டும் அந்தச் சிவப்பணுக்களைத் தம் மேல் ஒட்டிக்கொள்ளும். நுண்ணோக்கியில் நடுவே ஒரு செல், சுற்றிலும் சிவப்பணுக்கள் இதழ்போல. ‘ரோஜா’ என்றே பெயர் வைத்தார்கள். மூன்று சிவப்பணுவாவது ஒட்டியிருந்தால்தான் கணக்கில் சேர்ப்பது வழக்கம். தொழில்நுட்பர் கண்ணாடித் தகட்டை நகர்த்தி நகர்த்தி இருநூறு செல் எண்ணி முடிக்க வேண்டும். கை நடுங்கினால் ரோஜா உதிர்ந்துவிடும். அந்த ஒட்டுதலுக்குக் காரணமான புரதம்தான் பின்னால் சிடி2 என்று பெயர் பெற்றது.

இந்தச் சோதனையை லுகேமியா செல்களில் செய்து பார்த்தபோது, சில குழந்தைகளின் செல்கள் மட்டும் ரோஜா பூத்தன. செயின்ட் ஜூடைச் சேர்ந்த சென், பொரெல்லா இருவரும் 1975-இல் வெளியிட்ட கட்டுரை இதன் மருத்துவப் பொருளைச் சொன்னது. இந்தக் குழந்தைகளில் வயது கூடிய ஆண் பிள்ளைகள் அதிகம். நெஞ்சுக்கூட்டில் கட்டி, மிக உயர்ந்த வெள்ளணு எண்ணிக்கை, சீக்கிரம் திரும்பி வரும் நோய். ‘டி செல் என்றால் ஆபத்து’ என்ற வாக்கியம் பாடநூலில் ஏறியது.

டி-யும் இல்லை, முதிர்ந்த பி-யும் இல்லை என்று மிஞ்சிய பெருங்கூட்டத்துக்கு அப்போது ‘வெற்றுச் செல்’ என்று பெயர். அதற்கு முகம் கொடுத்தவர் லண்டனில் மெல் கிரீவ்ஸ். லுகேமியா செல்களை முயல்களுக்குச் செலுத்தி, முயலின் இரத்தத்தில் உருவான ஆன்டிபாடிகளை எடுத்து, சாதாரணச் செல்களோடு ஒட்டுபவற்றை வடித்துக் களைந்தார். எஞ்சியது பெரும்பாலான ஏ.எல்.எல். செல்களோடு ஒட்டியது. அது ஒட்டிய குறிக்கு, அதாவது ஆன்டிஜெனுக்கு, ‘காலா’ என்று பெயர் வந்தது, பொது ஏ.எல்.எல். ஆன்டிஜென் என்பதன் சுருக்கம். புற்றுநோய்க்கே உரிய குறி ஒன்று கிடைத்துவிட்டது என்று ஒரு நம்பிக்கை எழுந்தது. சில ஆண்டுகளில் அது கலைந்தது: நல்ல எலும்பு மஜ்ஜையிலும் இளம் பி செல்களின் மேல் அதே குறி இருந்தது. சிறுநீரகத்திலும் இருந்தது. 1980-களின் கடைசியில் அது புரதத்தை வெட்டும் ஒரு நொதி என்று தெரிந்தது. இன்று அதன் பெயர் சிடி10.

இந்த ஏமாற்றம்தான் துறைக்கு அடித்தளம் போட்டது என்பேன். லுகேமியா செல் எங்கிருந்தோ வந்த அந்நியன் இல்லை, வளர்ச்சியின் ஒரு படியில் நின்றுபோன நம் செல்லே. எனவே குறிகளைக் கொண்டு அது எந்தப் படியில் நின்றது என்று சொல்லலாம். கோலரும் மில்ஸ்டைனும் 1975-இல் கேம்பிரிட்ஜில் ஒரே வகை ஆன்டிபாடியை அளவில்லாமல் தயாரிக்கும் வழி கண்டதும் (1984-இல் நோபல்), குறிகள் மளமளவென்று பெருகின. ஒவ்வொரு ஆய்வுக்கூடமும் தன் ஆன்டிபாடிக்குத் தன்னிஷ்டப்படி பெயர் வைத்ததில் வந்த குழப்பத்தைத் தீர்க்க 1982-இல் பாரிஸில் கூடி, ‘சிடி’ என்று போட்டு எண் கொடுத்தார்கள். பெற்றோரை மிரட்டும் அந்த எண்களுக்குப் பின்னால் வேறு மர்மம் எதுவும் இல்லை. வெறும் பதிவு எண்கள்.

சிடி10 ஏன் நல்ல குறி ஆனது

1980-களின் ஆய்வுகள் ஒரே குரலில் சொன்னது: சிடி10 இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கெட்டது. புள்ளிவிவரம் பொய் சொல்லவில்லை. ஆனால் சிடி10 எனும் நொதிக்கும் குழந்தை பிழைப்பதற்கும் நேரடித் தொடர்பு எதுவும் தெளிவாகவில்லை. விடை உட்கருவில் இருந்தது.

சிடி10 உள்ள கூட்டத்தில் இரண்டு மரபணு வகைகள் நிறைந்திருந்தன. ஒன்று, 46-க்குப் பதில் ஐம்பதுக்கு மேல் குரோமோசோம் கொண்ட செல்கள். மற்றொன்று, 12-ஆம், 21-ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஈடிவி6-ரன்எக்ஸ்1 என்ற இணைவு உண்டான செல்கள். ஒவ்வொன்றும் குழந்தைகளின் ஏ.எல்.எல்.-லில் நான்கில் ஒரு பங்கை ஒட்டி வரும். இரண்டும் சிகிச்சைக்கு நன்றாகப் பணிபவை. மறுபக்கம், சிடி10 இல்லாத கூட்டத்தில் ஒரு வயதுக்கு உட்பட்ட கைக்குழந்தைகள் அதிகம். அவர்களில் பெரும்பாலோருக்கு 11-ஆம் குரோமோசோமில் கேஎம்டி2ஏ மரபணு உடைந்திருக்கும். இது முரடு. ஆக, சிடி10 நல்ல கூட்டாளிகளோடு திரிந்ததால் நல்ல பெயர் வாங்கியது; அதன் இன்மை கெட்ட சேர்க்கையால் கெட்ட பெயர் வாங்கியது.

இன்னும் ஒரு படி உள்ளே போகலாம். குரோமோசோம் கூடிய செல் ஏன் பணிகிறது? அந்தச் செல்களில் கூடுதலாக இருப்பவற்றுள் 21-ஆம் குரோமோசோம் அநேகமாக எப்போதும் உண்டு. ஃபோலேட்டைச் செல்லுக்குள் கடத்தும் புரதத்தின் மரபணு அந்த 21-இல்தான் இருக்கிறது. கடத்தி கூடினால் மெத்தோட்ரெக்சேட்டும் கூடுதலாக உள்ளே போய்த் தங்குகிறது, செல் மடிகிறது. சுப்பாராவ் குழுவின் மருந்து இல்லாத ஓர் உலகில் இந்தக் குரோமோசோம் மிகுதியால் குழந்தைக்கு என்ன நன்மை வந்திருக்கும்? ஈடிவி6-ரன்எக்ஸ்1 செல்களோ அஸ்பராஜினேஸ் என்ற மருந்துக்கு எளிதில் மசிபவை. ‘நல்ல குறி’ என்று நாம் சொல்வது, நம் கையில் ஏற்கெனவே இருக்கும் மருந்துக்கு மசியும் செல் என்பதைத்தான்.

கெட்ட குறிகள் ஒவ்வொன்றாக

மேற்பரப்பில் முழு இம்யூனோகுளோபுலின் (ஆன்டிபாடி) தாங்கிய முதிர்ந்த பி செல் லுகேமியா, பர்கிட் வகை, 1970-களில் எல்லாவற்றிலும் மோசமானது. வழக்கமான ஏ.எல்.எல். சிகிச்சை இரண்டு, மூன்று ஆண்டுகள் மெதுவாக நடக்கும். இந்தச் செல்லோ ஒரு நாளில் இரட்டிக்கும். பிரெஞ்சு, ஜெர்மானியக் குழுக்கள் சில மாதங்களே நீளும், மிகக் கடுமையான, இடைவெளி குறைந்த சிகிச்சையைக் கொண்டுவந்ததும் பிழைப்போர் விகிதம் எண்பது சதவீதத்தைத் தாண்டியது. குறி மாறவில்லை, செல் மாறவில்லை. மருந்து கொடுக்கும் கால அட்டவணை மாறியது.

அலபாமாவில் 1978-இல் விவரிக்கப்பட்ட முன்-பி வகை, அதாவது இம்யூனோகுளோபுலின் செல்லுக்குள்ளே மட்டும் இருப்பது, கொஞ்ச காலம் கெட்ட பெயரோடு இருந்தது. அந்தக் கெடுதல் முழுவதும் 1, 19 குரோமோசோம்களின் இடமாற்றம் உள்ளவர்களிடம்தான் என்று 1990 வாக்கில் தெரிந்தது. சிகிச்சை கொஞ்சம் கடுமையானதும் அந்த வேறுபாடும் மங்கிப்போயிற்று.

லிம்ஃபாய்டு செல்லின் மேல் சிடி13, சிடி33 போன்ற மைலாய்டு குறிகள் தெரிந்தால் ஆபத்து என்று பல கட்டுரைகள் எச்சரித்தன. பிறகு வந்த பெரிய ஆய்வுகளில் அந்த எச்சரிக்கை தேறவில்லை. சொல்லப்போனால் நல்ல வகையான ஈடிவி6-ரன்எக்ஸ்1 செல்களிலேயே இந்தக் குறிகள் அடிக்கடி காணப்படுகின்றன. சிடி34, சிடி20, சிடி45 பற்றி வந்த கட்டுரைகள் ஒன்றுக்கொன்று முரண்படுபவை. அவற்றில் இங்கே நேரம் செலவிட வேண்டாம்.

டி செல் கதையை மட்டும் நிதானமாகப் பார்க்க வேண்டும். பத்தாண்டுக்குப் பத்தாண்டு சிகிச்சை தீவிரமாக, டி-க்கும் பி-க்கும் உள்ள இடைவெளி சுருங்கியது. நெலாரபின் என்ற மருந்தைச் சோதித்த அமெரிக்கக் குழந்தைப் புற்றுநோய்க் குழுவின் ஆய்வில் (2020-இல் வெளியானது) டி செல் நோயாளிகளின் ஐந்தாண்டு உயிர்வாழ்வு 90 சதவீதத்தை ஒட்டி இருந்தது. ஆனாலும் டி செல் நோய் ஒருமுறை திரும்பினால் மீட்பது இன்றும் மிகக் கடினம். முதல் சிகிச்சையில் கணக்குத் தீர்த்தால்தான் உண்டு. ஆகவே பழைய எச்சரிக்கையை அடியோடு தூக்கி எறிய முடியாது.

இந்தக் கதைக்குள் ஒரு கிளைக்கதை. 2009-இல் செயின்ட் ஜூடின் எலைன் குஸ்தான்-ஸ்மித், டாரியோ கம்பானா குழு டி செல் லுகேமியாவுக்குள் ஒரு புது வகையைப் பிரித்தது. சிடி1ஏ இல்லை, சிடி8 இல்லை, சிடி5 மங்கல், கூடவே ஸ்டெம் செல் அல்லது மைலாய்டு குறிகள். டி செல்கள் முதிரும் தைமஸ் சுரப்பிக்குள் அப்போதுதான் வந்து சேர்ந்த செல்லைப் போன்றது. ஆங்கிலச் சுருக்கத்தில் ஈ.டி.பி. அவர்களுடைய 139 நோயாளிகளில் 17 பேருக்கு இது இருந்தது. பத்தாண்டில் சிகிச்சை தோற்றவர்கள் 72 சதவீதம், மற்ற டி செல் நோயாளிகளில் 10 சதவீதம். இப்படி ஒரு வித்தியாசத்தைப் பார்த்தால் யாருக்கும் கை நடுங்கும். ஈ.டி.பி. என்றாலே ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை என்ற பேச்சு பல மருத்துவமனைகளில் எழுந்தது. ஆனால் 17 பேர் 17 பேர்தான். அடுத்த ஐந்தே ஆண்டுகளில் பிரிட்டன், அமெரிக்கா இரண்டு நாட்டுப் பெரிய ஆய்வுகளிலும் ஈ.டி.பி. குழந்தைகள் மற்ற டி செல் குழந்தைகளோடு ஏறத்தாழச் சமமாகவே பிழைத்தார்கள். முதல் மாதத்தில் அவர்களுடைய நோய் மெதுவாகத்தான் குறைகிறது; பின் வரும் தீவிரச் சிகிச்சை அந்தப் பின்தங்கலை ஈடுகட்டி விடுகிறது. இந்தத் துறையில் சிறு எண்ணிக்கையை நம்பிப் பெரிய முடிவெடுப்பதன் ஆபத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

எல்லாக் கெட்ட குறிகளும் இப்படிக் கரைந்துவிடவில்லை. மைலாய்டு லுகேமியாவில் ‘ராம்’ என்ற வகை ஒன்று 2016-இல் விவரிக்கப்பட்டது. சிடி56 மிகப் பிரகாசம். சிடி45-உம் சிடி38-உம் மங்கல். பெரும்பாலும் மிகச் சிறு குழந்தைகளுக்கு வரும். செல் குறிகளைப் படிக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டர் கருவியின் திரையில் இந்த உருவத்தைக் கண்ட மருத்துவர் இன்றும் கவலைப்படுகிறார், கவலைப்படத்தான் வேண்டும். நம்மிடம் உள்ள மருந்துகள் அதைப் பெரும்பாலும் அடக்குவதில்லை.

மரபணு எடுத்துக்கொண்ட இடம்

1990-களிலிருந்து கணிப்பு வேலையின் பெரும்பகுதியைக் குரோமோசோமும் மரபணுவும் எடுத்துக்கொண்டன. 44-க்கும் குறைவான குரோமோசோம் என்றால் கெட்டது. ஃபிலடெல்ஃபியா குரோமோசோம் என்ற இடமாற்றமும் கெட்டதாக இருந்தது. அதைக் குறிவைக்கும் இமாட்டினிப் என்ற மருந்தைச் சேர்த்துக் கொடுத்ததும் மூன்றாண்டு நோயற்ற வாழ்வு 35 சதவீதத்திலிருந்து 80-க்குத் தாவியதை 2009-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. மறுபடியும் அதே பாடம். அதே ஆண்டில் அந்தக் குரோமோசோம் இல்லாமலே அதைப்போல நடந்துகொள்ளும் வகையும் தெரியவந்தது. இதில் ஏறக்குறைய பாதியில் சிஆர்எல்எஃப்2 என்ற ஏற்பி செல்லின் மேல் மிதமிஞ்சி நிற்கும். ஆன்டிபாடி கொண்டே அதைக் கண்டுபிடிக்கலாம். மரபணு வரிசை படிக்க வசதியில்லாத மருத்துவமனைக்கு இந்த ஒரு செல் குறி பெரிய உதவி. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளின் ஏ.எல்.எல்.-லிலும் ஏறத்தாழ பாதிப் பேரிடம் இது உண்டு.

பத்தாயிரத்தில் ஒன்று

செல் குறிகளின் உண்மையான வெற்றி முதல் நாள் அறிக்கையில் இல்லை. மாதம் முடிந்து எடுக்கும் மஜ்ஜையில் இருக்கிறது.

நோய் தெரியவரும்போது குழந்தையின் உடலில் லட்சம் கோடி லுகேமியா செல் வரை இருக்கலாம். முதல் மாதச் சிகிச்சை முடிந்து நுண்ணோக்கியில் பார்க்கும்போது மஜ்ஜை சுத்தமாகத் தெரியும். ஐந்து சதவீதத்துக்குக் குறைவாக முதிராச் செல் இருந்தால் ‘நோய் அடங்கியது’ என்பது பழைய இலக்கணம். ஆனால் அந்தச் சுத்தத்துக்கு அடியில் ஆயிரம் கோடி செல் மறைந்திருக்க முடியும். இந்த மிச்சத்துக்குப் பெயர் எம்.ஆர்.டி., மிக நுண்ணிய எச்ச நோய்.

இதைத் தேடுவது எப்படி? ஊதா மூடிக் குழாயில் வந்த மஜ்ஜையில் எட்டு அல்லது பத்து நிறங்களில் ஒளிரும் ஆன்டிபாடிகளைக் கலந்து, செல்களை ஒற்றை வரிசையில் லேசர் ஒளியைக் கடந்து ஓடவிடுகிறார்கள். ஒவ்வொரு செல்லும் திரையில் ஒரு புள்ளி. சில லட்சம் புள்ளிகள் சேரும். நல்ல பி செல்கள் வளரும்போது சிடி10, சிடி20, சிடி34, சிடி45 ஆகியவை ஓர் ஒழுங்கில் கூடிக் குறையும். திரையில் அந்தப் பாதை வளைந்த கொம்பு போல விழும். லுகேமியா செல் அந்தப் பாதையை விட்டு விலகி நிற்கும்: சிடி10 தேவைக்கு மேல் பிரகாசம், சிடி38 மங்கல், சிடி58 கூடுதல், இருக்கக் கூடாத சிடி66சி. கொம்புக்கு வெளியே இருபது, முப்பது புள்ளிகள் நெருங்கி நின்றால் படிப்பவர் நிமிர்ந்து உட்கார்வார். கீமோ நின்று மஜ்ஜை துளிர்க்கும் நேரத்தில் நல்ல இளம் பி செல்களும் கூட்டமாக வரும். அனுபவமில்லாத கண் அவற்றை லுகேமியா என்று எண்ணிவிடும். கருவி விலைக்குக் கிடைக்கிறது, இந்தக் கண் கிடைப்பதில்லை. எம்.ஆர்.டி. அறிக்கையின் தரம் ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் வேறுபடுவதற்கு முக்கியக் காரணம் இதுவே.

1998-இல் மூன்று குழுக்கள் தனித்தனியே, ஒன்று ஃப்ளோ முறையிலும் மற்றவை மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். முறையிலும், இந்த எச்சமே நோய் திரும்புவதை முன்கூட்டிச் சொல்கிறது என்று காட்டின. மைக்கேல் போரோவிட்ஸ் குழு 2008-இல் வெளியிட்ட, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொண்ட ஆய்வின் எண்கள் மனதில் தைப்பவை. 29-ஆம் நாளில் எச்சம் பத்தாயிரத்தில் ஒன்றுக்கு மேல் இல்லாதவர்களில் 88 சதவீதம் பேர் ஐந்தாண்டு நோயின்றி இருந்தார்கள். அதற்கு மேல், ஆயிரத்தில் ஒன்று வரை இருந்தவர்களில் 59. நூற்றில் ஒன்று வரை 49. அதற்கும் மேல் 30. வயது, வெள்ளணு, மரபணு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோதும் இதுவே தலையாய கணிப்பு.

இது ஏன் மற்றக் குறிகளைவிட நிலைத்து நிற்கிறது என்பதற்கு என் விடை எளிது. சிடி10-உம் டி செல் குறியும் செல்லைப் பற்றி மட்டும் சொல்கின்றன. எம்.ஆர்.டி. அந்தச் செல்லும், அந்தக் குழந்தையின் உடலும், அந்த மருந்தும் மோதிய பின் என்ன மிச்சம் என்று சொல்கிறது. ஊகத்துக்குப் பதில் அளவீடு. பிரிட்டனின் யூ.கே.ஏ.எல்.எல். 2003 ஆய்வு இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது: எச்சம் இல்லாத குழந்தைகளுக்குத் தீவிரச் சிகிச்சையில் ஒரு சுற்றைக் குறைத்தார்கள், பாதகம் வரவில்லை, எச்சம் உள்ளவர்களுக்குக் கூட்டினார்கள், பலன் கிடைத்தது.

ஆனால் எம்.ஆர்.டி.-யையும் தனியே படிக்கக் கூடாது. டி செல் நோய் மெதுவாகக் கரைவது. அதில் முதல் மாத எண்ணைவிட மூன்றாம் மாதத்தை ஒட்டிய எண் கூடுதல் பேசும். ஈடிவி6-ரன்எக்ஸ்1 உள்ள குழந்தையிடம் உள்ள சிறு எச்சமும் கேஎம்டி2ஏ உள்ள கைக்குழந்தையிடம் உள்ள அதே அளவு எச்சமும் ஒன்றல்ல.

சென்னையில் இந்தக் கணக்கு

மேலே சொன்ன சதவீதங்கள் எல்லாம் குழந்தை சிகிச்சையை முழுதாக முடிக்கும் நாடுகளில் எடுத்தவை. 1984 முதல் அடையாறு புற்றுநோய் நிலையம், மும்பை டாட்டா மெமோரியல், தில்லி எய்ம்ஸ் ஆகிய மூன்றும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் இயன் மக்ராத்தோடு சேர்ந்து எம்.சி.பி.841 என்ற ஒரே சிகிச்சைத் திட்டத்தைக் கையாண்டன. அதற்கு முன் இங்கே ஐந்தில் ஒரு குழந்தை பிழைத்தால் பெரிது. அந்தத் திட்டத்தில் ஏறத்தாழ பாதிப் பேர் பிழைக்கத் தொடங்கினார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் டாக்டர் வி. சாந்தாவும் சகாக்களும் அடையாறில் செல் குறிகளை ஆராய்ந்து வெளியிட்ட முடிவுகளில், டி செல் வகை மேலை நாடுகளில் காணும் பங்கைவிட வெகுவாகக் கூடி இருந்தது. இந்தியாவின் மற்ற மையங்களும் இதைச் சொல்லியிருக்கின்றன. சுலபமான பொது வகைக் குழந்தைகள் மருத்துவமனைக்கு வந்து சேரும் முன்பே தொற்றில் இறந்துவிடுகிறார்களா, அல்லது நோயின் பரவலே வேறா என்ற விவாதம் முடியவில்லை.

இங்கே ஒரு கசப்பான உண்மையைச் சேர்க்க வேண்டும். சிகிச்சையின் நடுவே கிருமித்தொற்றில் இறப்பதும், பணமில்லாமலோ பயணம் தாங்காமலோ பாதியில் நிறுத்துவதும் அதிகமாக உள்ள இடத்தில், எந்தச் செல் குறியும் சரியாகக் கணிக்காது. சிடி10 பாசிட்டிவாக, குரோமோசோம் ஐம்பதுக்கு மேல் உள்ள, எல்லா வகையிலும் ‘நல்ல’ லுகேமியா கொண்ட குழந்தை, வெள்ளணு வற்றிய வாரத்தில் காய்ச்சலோடு ஊரில் இரண்டு நாள் காத்திருந்தால் போதும். நம் மாவட்டங்களில் காய்ச்சல் வந்த முதல் மணி நேரத்தில் ஆன்டிபயாடிக் கிடைப்பது, பத்து நிற ஃப்ளோ சைட்டோமீட்டரைவிடக் கூடுதல் குழந்தைகளைக் காப்பாற்றும் என்பது என் கருத்து. இரண்டில் ஒன்று போதும் என்று இதற்குப் பொருள் இல்லை. எம்.ஆர்.டி. இல்லாமல் சிகிச்சை கொடுத்தால், கூட்டவேண்டியவருக்குக் குறைத்தும், குறைக்கவேண்டியவருக்குக் கூட்டியும் கொடுத்து, இரு வழியிலும் குழந்தைகளை இழப்போம். இதை உணர்ந்தே இந்திய மையங்கள் கூட்டாக நடத்தும் ஐசிகிள் ஆய்வு, மரபணுவையும் எம்.ஆர்.டி.-யையும் கொண்டு ஆபத்துப் பிரிவு செய்வதை இங்கே ஒரே சீராக்க முனைந்தது. அடையாறும் அதில் உண்டு.

குறியே இலக்கு ஆனபோது

கடைசியாக நடந்திருப்பது, கேள்வியையே புரட்டிப் போடும் மாற்றம். பி வகை ஏ.எல்.எல். செல்களில் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் இருப்பதால் சிடி19-க்குக் கணிப்பு மதிப்பு என்று எதுவும் கிடையாது. எல்லாரிடமும் உள்ள குறி யாரையும் பிரித்துக் காட்டாது. அதே காரணத்தால் அது மருந்துக்கு அருமையான இலக்கு. 2012-இல் ஃபிலடெல்ஃபியாவில், எல்லாச் சிகிச்சையும் தோற்ற ஒரு சிறுமியின் சொந்த டி செல்களை வெளியே எடுத்து, சிடி19-ஐத் தேடிக் கொல்லும்படி மாற்றித் திரும்பச் செலுத்தினார்கள். அவள் பிழைத்தாள். 2017-இல் அந்தச் சிகிச்சைக்கு அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. சிடி19-ஐ ஒரு கையிலும் நோயாளியின் டி செல்லை மறுகையிலும் பிடித்து இரண்டையும் மோதவிடும் பிளினாட்டுமோமாப் என்ற மருந்து அதே குறியின் மேல் நிற்பது.

கேஎம்டி2ஏ உள்ள கைக்குழந்தைகளை எடுத்துக்கொள்ளுங்கள். பல ஆண்டுகள் கீமோவைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தும் பாதிக்கு மேல் தேறவில்லை. வழக்கமான சிகிச்சையோடு பிளினாட்டுமோமாப் ஒரு சுற்றுச் சேர்த்து 30 கைக்குழந்தைகளுக்குக் கொடுத்த முடிவு 2023-இல் வந்தது: இரண்டாண்டு நோயற்ற வாழ்வு 81.6 சதவீதம், முந்தைய ஆய்வில் 49.4. ஈ.டி.பி. பற்றிச் சொன்ன அதே எச்சரிக்கையை, 30 பேர் 30 பேர்தான் என்பதை, இங்கேயும் சொல்லியாக வேண்டும். ஆனால் சாதாரண ஆபத்துப் பிரிவிலேயே, நோய் திரும்பும் வாய்ப்பு சற்றுக் கூடிய குழந்தைகளைக் கொண்ட பெரிய அமெரிக்க ஆய்வும் 2024 இறுதியில் வந்தது. பிளினாட்டுமோமாப் சேர்த்தவர்களில் மூன்றாண்டு நோயற்ற வாழ்வு 96 சதவீதம், சேர்க்காதவர்களில் 87.9. வித்தியாசம் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வில் குழந்தைகளைக் குலுக்கிப் பிரிப்பதை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள்.

செல்லும் சும்மா இருக்கவில்லை. சிடி19-ஐத் தாக்கினால் சில செல்கள் சிடி19-ஐக் கழற்றி எறிந்துவிட்டுத் திரும்பி வருகின்றன. கேஎம்டி2ஏ வகையில் சில லிம்ஃபாய்டு வேடத்தையே கலைத்து மைலாய்டாக மாறி வருகின்றன. ஆய்வுக்கூடத்துக்கு இது தலைவலி. எந்தக் குறியை வைத்து எச்ச நோயைத் தேடிக்கொண்டிருந்தார்களோ அந்தக் குறியே காணாமல் போகிறது. சிடி22, சிடி24 என்று வேறு கொழுகொம்பு தேட வேண்டியிருக்கிறது. முதல் நாளில் பொருளற்றிருந்த சிடி19, இந்தச் சிகிச்சைக்குப் பின் இருக்கிறதா இல்லையா என்பது இப்போது முக்கியமான கணிப்பாகிவிட்டது.

இந்த மருந்துகளின் விலை இந்தியக் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு எட்டாது. ஆகவே ஒரே குறியை உடைய இரண்டு குழந்தைகளின் கணிப்பு, பிறந்த நாட்டைப் பொறுத்து இன்னும் சில காலம் வேறாகவே இருக்கும்.

வீட்டில் இப்படி ஓர் அறிக்கையைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் நாள் அறிக்கையில் உள்ள சிடி எண்களை இணையத்தில் ஒவ்வொன்றாகத் தேடாதீர்கள். அங்கே கிடைப்பதில் பாதி, இன்று எவரும் கொடுக்காத சிகிச்சையைக் கொண்டு எழுதிய கணிப்பு. மருத்துவரிடம் மரபணு வகை என்ன என்று கேளுங்கள். முதல் மாத முடிவில் எம்.ஆர்.டி. பார்ப்பார்களா, எந்த ஆய்வுக்கூடத்தில் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். பார்க்க மாட்டோம் என்றால் ஏன் என்று கேளுங்கள். காய்ச்சல் வந்தால் இரவு எந்த எண்ணுக்கு அழைப்பது என்பதையும் அன்றே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.